சாலைக்கு ஐந்தடி நெருங்கிய வீடு

இர்மாவின் கண்ணாடிப் பாத்திரம் வசந்தம் முழுக்க என் சமையல் மேடையிலேயே கிடந்தது. அடியில் ஒட்டிய நாடாவில் ‘ஸ்டாசிக்’ என்று அவள் குடும்பப் பேர் பேனாவால் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அக்கம்பக்கத்தார் நூடுல்ஸும் கோழியும் சேர்த்துச் சுட்ட ஏதாவது ஒன்றைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். எது யாருடையது என்று துக்க வீட்டார் குழம்பக் கூடாது, அதற்குத்தான் நாடா. கொஞ்ச நாள் போனதும் கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாக இல்லாமல் எதையாவது போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஆல்டன் போன பிறகு வந்த மற்ற எல்லாப் பாத்திரங்களையும் ஒழுங்காகத் திருப்பிவிட்டேன். இர்மாவுடையது மட்டும் நின்றுவிட்டது. இத்தனைக்கும் அவள் வீடு சாலைக்கு அந்தப் பக்கம்தான். வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும்.

கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகம் இல்லை.

என் கணவர் ஆல்டன் கெஸ்லர், மிச்சிகனில் எங்கள் ப்ரென்னர் ஊராட்சியின் நில மேல்முறையீட்டுக் குழுவுக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தார். எந்த நிலத்தில் பயிர், எதில் வீடு, எதில் கடை, சாலையை விட்டு எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் ஊராட்சியில் விதி உண்டு. விதிக்குள் அடங்க முடியாதவர்கள் விலக்கு கேட்டு அந்தக் குழுவின் முன்னால் வருவார்கள். குழுவில் ஐந்து பேர். எல்லாரும் சோளமும் பீன்ஸும் போடுகிறவர்கள், மாடு வைத்திருக்கிறவர்கள். ஆல்டன் அந்த வேலையைத் தேவாலயத்துக்குப் போவதைவிடப் பயபக்தியோடு செய்தார். சொந்தத் தம்பியின் மாட்டுக்கொட்டகை விசாரணைக்கு வந்தபோது, உறவுக்காரன் விஷயத்தில் தான் இருக்கக் கூடாது என்று எழுந்து வெளியே போனார். வெளியே போனால் போதாதா? பிக்கப் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஜனவரிக் குளிரில் எஞ்சினையும் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஊராட்சிக் கூடத்தின் சுவர் மெல்லியது, உள்ளே பேசுவது காதில் விழுந்துவிடும் என்று பயம். தம்பிக்கு விலக்கு கிடைக்கவில்லை. மூக்கு சிவந்து வீட்டுக்கு வந்தவருக்கு நான் சூப் கொடுத்தேன். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

செஸ்டர் ஸ்டாசிக்கின் சோளக் கடை அதற்குப் பிறகு வந்தது.

செஸ்டர் அதைத் தன் மனைவி இர்மாவுக்காகக் கட்டினார். இர்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன, கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டாள். அவள் ஊருக்குள் போக முடியாவிட்டால் ஊர் அவளிடம் வரட்டும் என்று செஸ்டர் நினைத்திருக்க வேண்டும். அப்படித்தான் நடந்தது. கோடையில் கடைக்கு முன்னால் கொட்டியிருந்த சரளைக்கல் பரப்பில் வண்டி நிற்காத நேரமே கிடையாது. இனிப்புச் சோளம், தக்காளி, முட்டை, வினிகரில் போட்ட பீட்ரூட். விற்றதைவிடப் பேசியது அதிகம். யாருக்குப் பேத்தி பிறந்தது, யாருடைய மாப்பிள்ளை குடியை விட்டு மறுபடி தொட்டான் என்பதெல்லாம் முதலில் இர்மாவுக்குத்தான் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, “போன வாரச் சோளமே இன்னும் உன் பல்லுல நிக்குது, அதுக்குள்ள இன்னொரு டஜனா?” என்று வருகிறவர்களை வம்புக்கு இழுப்பாள்.

யாரும் புகார் செய்யவில்லை. ஆல்டன்தான் ஒரு நாள் வண்டியில் வரும்போது பார்த்தார். கடை சாலைக்கு ரொம்ப நெருக்கமாக இருக்கிறது என்று அவர் கண்ணுக்குப் பட்டது. பட்ட பிறகு படாத மாதிரி இருக்க அவரால் முடியாது. டேப்பை எடுத்துக்கொண்டு போனார்.

மதகுக்குப் பக்கத்தில், ஸ்டாசிக்குகள் பக்கத்து ஓரத்தில், பழைய குதிரை வண்டியின் இரும்பு அச்சு ஒன்று தரையில் அடித்து நிற்கிறது. சாலைக்கான நிலத்தின் எல்லைக் குறி அது என்று எல்லாரும் நம்பினோம். சாலையின் இரண்டு பக்கத்தாரும் அதிலிருந்தே அளந்தோம். எங்கள் மாவட்டத்தில் பழைய எல்லைக் குறிகள் பலவும் இப்படி வண்டி அச்சுகள்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அந்த அச்சின்படி கடை மூன்றடி முன்னால் வந்திருந்தது.

விசாரணை நாளில் நானும் கூடத்தில் இருந்தேன். செஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தார்ச்சாலையின் நடுவிலிருந்துதான் தான் அளந்ததாகச் சொன்னார். தார் எங்கே கிடக்கிறது என்பது கணக்கில்லை, சாலை சட்டப்படி எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு என்றார் ஆல்டன். அப்போது செஸ்டர் கேட்டார்.

“அந்த அச்ச யாரு அடிச்சது?”

யாருக்கும் தெரியவில்லை. குழுவில் டெல்மர் என்று ஒருவர், சாவு வீட்டிலும் சிரிப்பு மூட்டுகிற ஆள். “உலகத்தப் படைச்சப்ப மூணாவது நாள் கடவுள் அடிச்சாரு. சூரியனே நாலாவது நாள்தான்” என்றார். கூடமே சிரித்தது.

செஸ்டர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ஒரு நில அளவையாளரைக் கூப்பிடலாமே என்று கேட்டார். நம் அப்பாக்கள் காலத்திலிருந்து நிற்கிற குறிக்கு அளவையாளர் எதற்கு என்று ஆல்டன் கேட்டார். தெரியாமல்தான் செய்தேன் என்று செஸ்டர் சொன்னதற்கு ஆல்டன் கொடுத்த பதில் ஊரில் கொஞ்ச காலம் ஓடியது. “தெரியாதுங்கறது ஒரு காரணம் இல்ல, செஸ்டர். தெரிஞ்சுக்கறதுக்குத்தான் விதிய எழுதி வச்சிருக்கு.”

ஐந்து பேரும் ஒரே பக்கம் கை தூக்கினார்கள். மூன்றடி பின்னால் தள்ளச் சொன்னார்கள். செஸ்டர் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தபோது கடை நடுவில் பிளந்து கூரை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. அவர் அதைத் திரும்பக் கட்டவில்லை. இலையெல்லாம் உதிர்ந்த பிறகு மரத்தைக் குவித்துக் கொளுத்தினார். சரளைக்கல் பரப்பு மட்டும் மிஞ்சியது.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பனி பெய்தால் செஸ்டர் எங்கள் பாதையையும் சேர்த்து வழித்துவிடுவார். ஆல்டன் அவர்களுடைய பம்பு பழுதானால் போய்ப் பார்ப்பார். கூடத்தில் நடந்தது கூடத்தோடு போயிற்று என்று ஆல்டன் நம்பினார். நானும் நம்பினேன்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஆல்டன் எங்கள் இருவருக்கும் ஒரு சின்ன வீடு கட்ட ஆரம்பித்தார். பெரிய பண்ணை வீட்டை மகளுக்கும் மருமகனுக்கும் விட்டுவிட்டு, படி ஏறி இறங்காமல் நாங்கள் கிழங்களாகலாம் என்று திட்டம். நல்ல மண்ணை வீணாக்கக் கூடாது என்று, விதி அனுமதிக்கிற கடைசி அங்குலம்வரை சாலைப் பக்கம் தள்ளி இடம் குறித்தார். அந்த அச்சிலிருந்துதான் அளந்தார். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமையலறை ஜன்னலைச் சாலையைப் பார்த்து வைத்தார். பெரிய வீட்டுச் சமையலறையிலிருந்து மாட்டுக்கொட்டகையின் பின்பக்கத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்குச் சட்டம் அடித்தாயிற்று, வர்ணம் பூச வேண்டியதுதான் பாக்கி. மார்ச் மாதம் ஒரு காலையில் கொட்டகையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

சின்ன வீட்டைத் தனி நிலமாகப் பிரித்து என் பேருக்கு எழுத, நிலத்தை முறைப்படி அளக்க வேண்டியிருந்தது. அளவையாளராக ஓர் இளம்பெண் வந்தாள். தார்ச்சாலையில் ஓரிடத்தைப் பெயர்த்து அடியில் புதைந்திருந்த பழைய நில அளவை மூலைக்கல்லைக் கண்டுபிடித்தாள். பிறகு வந்து என் முன்கதவைத் தட்டினாள். எங்கள் பக்கத்தில் தெரிந்தவர்கள் பின்கதவு வழியாகத்தான் வருவார்கள். முன்கதவு போதகருக்கும் போலீசுக்கும் அந்நியர்களுக்கும்தான்.

“மேடம், உங்க புது வீடு சாலைக்கு அஞ்சடி கிட்டத்துல இருக்கு.”

“இருக்காதும்மா. என் வீட்டுக்காரர் அளந்துதான் போட்டார்.”

“எதுலேர்ந்து அளந்தாரு?”

நான் அவளை மதகுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். அவள் அச்சைப் பார்த்தாள், கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“இது வெறும் அச்சு, மேடம்.”

யாராவது ஆடு மாடு கட்ட அடித்திருக்கலாம், அல்லது வேலிக்கு முட்டுக் கொடுத்திருக்கலாம் என்றாள். உண்மையான சாலை, நாங்கள் நினைத்ததைவிட ஐந்தடி எங்கள் பக்கம் தள்ளி இருந்தது. எனக்கு அப்போது வீட்டைப் பற்றிய நினைப்பே வரவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

“அவங்களுக்கு அஞ்சடி கூடுதலா கிடைக்குது. அங்க ஏதாவது கட்டடம் இருக்கா?”

“இப்ப இல்ல” என்றேன்.

மூன்றடி முன்னால் வந்துவிட்டது என்று உடைக்கச் சொன்ன கடை, இரண்டடி உள்ளேதான் இருந்திருக்கிறது. உடைக்கச் சொன்னவர் தனக்குக் கட்டிய வீடு ஐந்தடி வெளியே நிற்கிறது. மண்ணுக்குள் புதைத்த மனிதரைப் பற்றி இதை நினைக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் மேல் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டை இடித்துவிடலாமா என்று மகளிடம் கேட்டேன். அவள் சின்ன வீட்டுக்குள் போய், அப்பா இழைத்த கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. விலக்கு கேட்டு மனுப் போட ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் நோரீன் எல்லாத் தாளையும் தானே நிரப்பிக்கொடுத்தாள். என்னைப் பேனா பிடிக்க விடவில்லை, அவ்வளவு பரிவு. பிறகு குரலைத் தாழ்த்தி, விசாரணை பற்றிய அறிவிப்பை அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், சட்டம் அப்படி என்றாள். முந்நூறு அடிக்குள் இருக்கிற நிலக்காரர் ஒருவர்தான்.

“செஸ்டருக்கு மட்டும்தான் போகும், வெர்னா.”

அதற்கு மறுநாளிலிருந்து நான் கடுதாசி எடுக்கப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். எங்கள் தபால் பெட்டியும் ஸ்டாசிக்குகளின் பெட்டியும் ஒரே கம்பத்தில்தான் இருக்கின்றன.

விசாரணைக்கு முன்னால் குழு வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். இது வேடிக்கையான வழக்கம். மூன்று பேர் ஓரிடத்தில் நின்று விஷயத்தைப் பேசிவிட்டால் அது கூட்டம் ஆகிவிடும், கூட்டம் என்றால் ஊருக்கு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அதனால் ஐந்து பேரும் ஐந்து வண்டியில் வருவார்கள், ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள், மனுப் போட்டவரோடும் பேச மாட்டார்கள். ஆல்டன் அப்படிப் போகும் இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று காலை பட்டை போட்ட கேக் ஒன்று சுட்டு, காபியும் போட்டு முற்றத்து மேசையில் வைத்துவிட்டேன். ஆள் வந்தால் வைப்பதுதான் கைக்குப் பழக்கம்.

வந்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர்கள். கேக்கைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், தொப்பியைத் தொட்டார்கள். ஆல்டனுக்குப் பிறகு தலைவரான ஹார்லன், அளவையாளர் அடித்துவிட்டுப் போன ஆரஞ்சு ரிப்பன் கட்டிய முளையிலிருந்து வீட்டுச் சுவர்வரை டேப்பை இழுத்தார். மறுமுனையை டெல்மர் பிடித்தார். அவர் இன்னொரு கையால் கதவு நிலையைத் தடவிக்கொடுப்பதைப் பார்த்தேன். அன்று அவர் சிரிப்பு எதுவும் மூட்டவில்லை. ஹார்லன் போகும் வழியில் மதகுக்குப் பக்கம் நின்று, அந்த அச்சைப் பூட்ஸ் நுனியால் ஒரு தட்டுத் தட்டினார். ஐந்து பேரில் ஒருவரும் சாலைக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேகத்தைப் பார்த்தார்கள், கோதுமையைப் பார்த்தார்கள், தங்கள் பூட்சைப் பார்த்தார்கள். அந்தச் சரளைக்கல் பரப்பை மட்டும் கண்ணால் தாண்டிப் போனார்கள். அதற்குப் பின்னால் செஸ்டர் டிராக்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேக்கை மாலையில் கோழிகளுக்குப் போட்டேன்.

விசாரணைக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, எல்லாருடைய முகத்திலும் எனக்கான இரக்கம் தயாராக இருந்தது. செஸ்டர் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இர்மா வரவில்லை. ஹார்லன் ஆல்டனின் நாற்காலியில் உட்கார்ந்து மனுவைப் படித்தார். சாலை எங்கே இருக்கிறது என்பதில் ஊரே நெடுங்காலமாகத் தவறாக இருந்திருக்கிறது என்றார். சாலையின் கோணலை மனுதாரர் உண்டாக்கவில்லை, அதனால் இந்தச் சிரமம் அவராகத் தேடிக்கொண்டதில்லை என்றார். தெரியாமல் நடந்தது என்றும் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். செஸ்டருக்கும் அதே காரணம் அப்படியே பொருந்தியிருக்குமே என்று அந்த மேசையில் ஒருவருக்குமா தோன்றவில்லை? தோன்றியிருக்கும். அதனால்தான் அத்தனை வேகமாகப் படித்தார்.

மனுதாரர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஹார்லன் கேட்டார். வேண்டாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தார். நான் எழுந்தேன். இப்படிச் சொன்னேன்:

“எங்களுக்கு அஞ்சடி குறையுதுன்னா செஸ்டருக்கு அஞ்சடி கூடுது. அவரு கடை சரியான எடத்துலதான் இருந்துச்சு. அத நகத்தச் சொன்னது தப்பு. ஆல்டன் இருந்திருந்தா அவரே சொல்லியிருப்பாரு. குறிப்புல எழுதுங்க.”

ஆல்டன் சொல்லியிருப்பாரா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அந்தக் கூடத்தில் அவர் பேரைக் கொஞ்சமாவது நிமிர்த்தி வைக்கவே அப்படிச் சேர்த்துச் சொன்னேன்.

ஹார்லனுக்கு வியர்த்துவிட்டது. “வெர்னா, அது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லையே” என்றார். நிரலில் இல்லாததைக் குழு எடுத்துப் பேச முடியாது, பழைய தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்யும் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது என்று நோரீனும் மெல்ல விளக்கினாள். என்மேல் இரக்கப்பட விதியில் வழி இருந்தது, செஸ்டரிடம் வருத்தம் தெரிவிக்க இல்லை. நான் விடவில்லை. அச்சு அடித்தது யார் என்று அன்று அவர் கேட்டதையும், அதற்குக் கிடைத்த பதிலையும் சொல்ல ஆரம்பித்தேன். டெல்மர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வெர்னா, போதும். உக்காரு.”

பின்னாலிருந்து செஸ்டர். சத்தமே போடவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவருடைய காது இரண்டும் சிவந்து, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பையனைப் போல உட்கார்ந்திருந்தார். கூடத்தில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் பார்க்க வைத்தேன். எனக்கென்று தயாராக வைத்திருந்த இரக்கத்தில் பாதியை எடுத்து அவர் தலையில் கொட்டியிருந்தேன். உட்கார்ந்தேன்.

பொதுமக்கள் கருத்துக்கான நேரம் வந்ததும் செஸ்டர் எழுந்து நின்றார். விதிப்படி முதலில் பேரும் விலாசமும் சொல்ல வேண்டும்.

“செஸ்டர் ஸ்டாசிக். ரோட்டுக்கு அந்தப் பக்கம். வீடு இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. என் கடைய பத்தி இந்த ஹால்ல இனிமே யாரும் பேச வேண்டாம். அதையும் எழுதிக்கோங்க.”

தொப்பியை மாட்டிக்கொண்டு ஓட்டெடுப்புக்கு முன்பே வெளியே போய்விட்டார். ஐந்து பேரும் எனக்கு ஆதரவாகக் கை தூக்கினார்கள். கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்கூட. டெல்மர் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, ஆல்டனுக்காக என்று சொன்னார். அவர் சட்டையில் தீவன வாசனை வந்தது. ஆல்டன் சட்டையிலும் அதே வாசனைதான் வரும். நான் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். யாரையும் பார்க்காமல் இருக்க அந்த ஓரிடம்தான் கிடைத்தது.

மறுநாள் பாத்திரத்தை எடுத்தேன். தோட்டத்தில் அப்போதுதான் பழுத்திருந்த ஸ்ட்ராபெர்ரியைப் பறித்து அதில் நிரப்பினேன். சாலையைக் கடந்து, சரளைக்கல்லைச் சுற்றிக்கொண்டு போய், ஸ்டாசிக் வீட்டு முன்கதவைத் தட்டினேன். பின்கதவுக்குப் போக எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உள்ளே ஏதோ நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு இர்மாவின் குரல்.

“யாரது, போலீசா? கதவுக்குக் குறுக்க அலமாரி போட்டு வருஷமாச்சு. பின்னாடி வா.”

சுற்றிக்கொண்டு போனேன். இர்மா வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள்.

“நீதானா. இத வித்துட்டியோன்னு நெனச்சேன்.”

சமையலறையில் உட்கார வைத்தாள். நேற்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். செஸ்டர் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போய் சுத்தமாக இருந்த டிராக்டரைக் கழுவினார் என்றாள். அவருடைய கோபம் ஆறிவிடும், தன்னுடையதுதான் பழையது என்றாள். ஸ்ட்ராபெர்ரிக் காம்புகளைக் கிள்ள ஆரம்பித்தாள்.

கடை உடைந்த அந்தக் கோடையில் ஆல்டன் வாரம் தவறாமல் இந்தப் பின்கதவுக்கு வந்து சோளம் வாங்கினாராம். எனக்கு அது தெரியாது. சோளம் வீட்டுக்கு வந்தது தெரியும், நாங்கள் வெண்ணெய் தடவித் தின்றோம். எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை.

“அங்கயே நின்னுட்டு, இந்த வருஷம் சோளம் ரொம்ப நல்லா இருக்கு இர்மான்னான். ஒண்ணுமே நடக்காத மாதிரி. நானும் சிரிச்சேன். மொகத்துல அடிச்ச மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சொல்லல. அடுத்த வாரமும் சிரிச்சேன். அந்தச் சீசன் முழுக்கச் சிரிச்சேன்.” காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். “அதுக்காகத்தான் எனக்கு வெக்கம். அவன் போய்ச் சேர்ந்தான். அவனுக்கு அழுதுகிட்டே அந்தக் கோழிக்கறிய சுட்டேன். இப்ப அத யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“என்கிட்ட சொல்லு” என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். பார்த்தது என்னை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

“ஆல்டன், நீ என்கிட்டேர்ந்து ரோட்ட எடுத்துட்டே.”

அவ்வளவுதான் சொன்னாள். வயலில் டிராக்டர் சத்தம் நின்று, மறுபடி கேட்டது. இறந்தவர் வாங்க வேண்டிய ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைக்கு அந்தப் பழைய இடம்தான் சட்டப்படி சரி, ஆல்டன் வாங்கிப் போட்ட பலகை தார்ப்பாய்க்கு அடியில் நிறைய மிச்சம் இருக்கிறது என்று கிளம்பும்போது சொல்லிப் பார்த்தேன். இர்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். நிலத்தில் பெரும்பகுதியைக் குத்தகைக்கு விட்டாயிற்று, இனிப்புச் சோளம் போடுவதில்லை, ஸ்டூலில் உட்கார இந்த முழங்கால்களும் இனி ஒப்புக்கொள்ளாது என்றாள். கதவுக்கு வந்தபோது அவளே கேட்டாள்.

“எப்ப குடி வர்ற?”

அடுத்த வாரம் என்றேன்.

“உன் சமையல் ரூம் ஜன்னல் எங்க முன்னறைக்கு நேர் எதிர்ல இருக்கு. அஞ்சடி கிட்டத்துல வேற வந்துட்டே. நல்லாத் தெரியும்.” வாக்கரை என் பக்கம் நகர்த்தினாள். “திரை போடாதே. கடை போனதுலேர்ந்து இந்த ரோட்டுல பாக்கறதுக்கு ஆளே இல்ல எனக்கு.”

மகள் எனக்காகப் பூப்போட்ட திரைச்சீலை தைத்து வைத்திருந்தாள். ஜன்னலின் அளவுக்குச் சரியாக. அதை அப்படியே மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன், ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. மாலையில் விளக்கைப் போட்டதும் கண்ணாடியில் என் முகம்தான் தெரியும், எதிர்ப்பக்கம் எதுவும் தெரியாது. இர்மாவுக்கு நான் தெரிவேன். சட்டம் அனுமதிக்காத ஐந்தடியில், எல்லாரும் கை தூக்கிக் கொடுத்த இடத்தில் நின்றுகொண்டு, ஒருவர் சாப்பிட்ட ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருப்பேன். ஈரக்கையோடு பக்கவாட்டில் நகர்ந்தால் சுவர் மறைத்துவிடும். நகர்வதில்லை.